யார் கை சிவக்கும்?

'ரசாயனம் தடவிய ரூபாய் நோட்டுகளைக் கொடுத்தபோது, மறைந்திருந்த லஞ்ச ஒழிப்புப் போலீசார் அவரைக் கையும் களவுமாகப் பிடித்தனர்.'

இந்த வரியை பேப்பர்ல எத்தனை தடவை படிச்சிருப்பீங்க? ஊர் மாறும், பதவி மாறும், தொகை மாறும். வரி மட்டும் மாறவே மாறாது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து படித்துவிட்டு, "நல்லா வேணும்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அப்படியே சினிமா பக்கத்துக்குத் தாவிவிடுவோம். நானும் அப்படித்தான் இருந்தேன். பிளஸ் டூ முடிச்ச அந்த லீவு வரைக்கும்.

இன்ஜினீயரிங் கவுன்சலிங்குக்கு எனக்கு 'முதல் பட்டதாரி' சான்றிதழ் தேவைப்பட்டது. குடும்பத்திலேயே முதல் ஆளாக டிகிரி படிக்கப் போகிறவர்களுக்கு 2010-11 கல்வியாண்டு முதல் தமிழக அரசு கல்விக் கட்டணச் சலுகை தருகிறதே, அதற்கான சான்றிதழ். எங்கப்பா பத்தாவது, அம்மா எட்டாவது. தகுதியில் எந்தச் சந்தேகமும் இல்லை. இ-சேவை மையத்தில் அப்ளை செய்தோம். எல்லாம் ஆன்லைன்தானே, யார் மூஞ்சியையும் பார்க்க வேண்டாம் என்று நிம்மதியாக இருந்தேன்.

மனு ஒரு லாகினில் போய் உட்கார்ந்துகொண்டது. நகரவே இல்லை. கவுன்சலிங் தேதி நெருங்க நெருங்க, தினமும் பத்து தடவை ஸ்டேட்டஸ் பார்ப்பேன். 'நிலுவையில் உள்ளது.' ஒரு நாள் காலையில் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். சாயங்காலம் போனில் எஸ்.எம்.எஸ். வந்துவிட்டது. சான்றிதழ் ரெடி!

"எவ்ளோப்பா?"

"ஆயிரம்."

"கம்ப்ளெயின்ட் பண்ணலாம்ப்பா."

அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீ ஹாஸ்டலுக்குப் போயிடுவ. நாளைக்கு பட்டா மாத்தணும்னா நான் அதே வாசல்லதான் போய் நிக்கணும்."

அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது. எந்த ஊர், எந்த ஆபீஸ் என்று இங்கே எழுதப் போவதில்லை. அது முக்கியமும் இல்லை. இப்போது மூன்றாம் வருடம் படிக்கிறேன். 'ஊழலைத் தடுக்கவென்றே அரசாங்கம் வைத்திருக்கும் அமைப்புகள் நிஜமாகவே என்ன செய்கின்றன' என்று இந்த இதழுக்கு எழுத ஆள் தேடியபோது, முதல் ஆளாகக் கையைத் தூக்கினேன். எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அன்னிக்கு அப்பா போனை எடுத்திருந்தால் என்ன நடந்திருக்கும்?

யார் இவங்க?

'இந்தியன்' படத்தில் ஒரு தாத்தா கத்தியோடு வந்தார். 'ரமணா'வில் ஒரு புரொஃபசர் மாணவர்களை வைத்து லிஸ்ட் எடுத்தார். விசில் அடித்துவிட்டு வெளியே வந்தோம். நிஜத்தில் இந்த வேலைக்குச் சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கிறார்கள் என்பது நம்மில் பாதிப் பேருக்கு மறந்தே போச்சு.

கதை 1962-ல் தொடங்குகிறது. அரசு அலுவலகங்களில் லஞ்சம் பெருகிவிட்டது என்ற கவலையில் மத்திய அரசு ஒரு கமிட்டி போட்டது. தலைவர், நம்ம தமிழ்நாட்டைச் சேர்ந்த சுதந்திரப் போராட்ட வீரர் கே.சந்தானம். சந்தானம் கமிட்டியின் பரிந்துரைப்படி 1964-ல் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் பிறந்தது. அதற்கு முந்தைய வருடமே, 1963-ல் சி.பி.ஐ. வந்துவிட்டது. தமிழ்நாட்டிலும் 1964-லேயே 'ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககம்' தொடங்கப்பட்டது. நாம் சுருக்கமாக 'லஞ்ச ஒழிப்புத் துறை' என்கிறோமே, அதுதான் இது.

யாரைப் பற்றி யாரிடம் போவது? சிம்பிள். மத்திய அரசு ஊழியர் என்றால் சி.பி.ஐ. மாநில அரசு ஊழியர் என்றால் லஞ்ச ஒழிப்புத் துறை. இதற்கெல்லாம் மேலே, பெரிய இடத்துப் புகார்களை விசாரிக்க லோக்பால். இந்த லோக்பாலுக்கு முதல் மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தது 1968-ல். சட்டம் நிறைவேறியது 2013-ல். முதல் தலைவர் நியமிக்கப்பட்டது 2019-ல். எங்கள் காலேஜ் சீனியர்கள்கூட அரியர் கிளியர் பண்ண இவ்ளோ நாள் எடுத்ததில்லை! தமிழ்நாட்டில் லோக் ஆயுக்தா சட்டம் வந்தது 2018-ல்தான்.

பிளஸ் டூ லேப் ஞாபகம் இருக்கா?

இனி அந்த 'ரசாயனம் தடவிய நோட்டு' மேட்டருக்கு வருவோம். லஞ்ச வழக்குத் தீர்ப்புகள் சிலவற்றை உட்கார்ந்து படித்தேன். எல்லாவற்றிலும் ஒரே பிராக்டிகல்தான் வருகிறது. படிக்கப் படிக்க, நம்ம கெமிஸ்ட்ரி ரெக்கார்டு நோட்டைத் திரும்பப் படிக்கிற மாதிரியே இருந்தது.

நீங்கள் எழுத்துபூர்வமாகப் புகார் தருகிறீர்கள். உண்மையா என்று ரகசியமாக விசாரித்துவிட்டு வழக்குப் பதிவு செய்கிறார்கள். அப்புறம், சம்பந்தமே இல்லாத வேறு துறைகளிலிருந்து இரண்டு அரசு ஊழியர்களைச் சாட்சியாக அழைத்து வருகிறார்கள். நீங்கள் கொண்டுவந்த பணத்தின் நம்பர்களை ஒவ்வொன்றாக எழுதிக்கொள்கிறார்கள். நோட்டுகளின் மேல் ஒரு வெள்ளைப் பவுடரைத் தடவுகிறார்கள். ஃபினால்ஃப்தலீன்!

ஆமாங்க, அதே ஃபினால்ஃப்தலீன்தான். டைட்ரேஷனில் ரெண்டு சொட்டு விட்டு, எண்ட் பாயின்ட் தாண்டிப் போய், லேப் அசிஸ்டென்ட்டிடம் திட்டு வாங்கினோமே, அந்த இண்டிகேட்டர். சும்மா இருக்கும்போது நிறமே கிடையாது. காரக் கரைசலைப் பார்த்தால் ரோஸ் கலர். அதனால், பவுடர் பட்ட நோட்டைத் தொட்டவர் விரலை சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்தால், தண்ணீர் ரோஸாகிவிடும். 'நான் பணத்தைத் தொடவே இல்லை' என்று வாய் சொல்லலாம், விரல் சொல்லாது. முதலில் சாட்சிகள் முன்னாடி ஒரு டெமோ காட்டுகிறார்கள். அந்தத் தண்ணீரையும் பாட்டிலில் ஊற்றி, சீல் வைத்து, லேபிள் ஒட்டுகிறார்கள்.

பிறகு உங்களுக்கு ஒரு முக்கியமான அறிவுரை. 'அவராகக் கேட்டால் மட்டும் கொடுங்க. நீங்களா நீட்டாதீங்க.' ஒரு சாட்சி உங்கள் கூடவே வருவார். அங்கே நடப்பதைப் பார்க்க வேண்டும், பேச்சைக் கேட்க வேண்டும். அதுதான் அவர் வேலை. பணம் கைமாறியதும் முன்பே பேசிவைத்த சிக்னலை நீங்கள் தர வேண்டும். தலையைத் தடவுவது, கர்ச்சீப்பால் முகம் துடைப்பது, இப்படி ஏதாவது. டீம் உள்ளே வரும். கையை நனைக்கும். மற்றது எல்லாம் அந்தப் பேப்பர் வரி.

பெரிய மீன்களும் இந்த வலையில் சிக்குவதுண்டு. 2023 டிசம்பரில் திண்டுக்கல்லில் ரூ.20 லட்சம் லஞ்சம் வாங்கியதாகத் தமிழக லஞ்ச ஒழிப்புத் துறை கைது செய்தவர், மத்திய அமலாக்கத் துறையின் அதிகாரி ஒருவர்!

ரோஸ் கலர் மட்டும் போதாது

சரி, விரல் ரோஸாகிவிட்டது. கேஸ் முடிஞ்சுதா? இல்லை. இங்கேதான் ஆட்டமே ஆரம்பம்.

பணம் கையில் இருந்தது என்பது மட்டும் குற்றத்தை நிரூபித்துவிடாது. 'கடனாகக் கொடுத்ததைத் திருப்பித் தந்தார்', 'நான் அசந்திருந்தபோது பாக்கெட்டில் திணித்துவிட்டார்' என்றெல்லாம் சொல்ல முடியும் அல்லவா? அதனால் 'கேட்டு வாங்கினார்' என்பது நிரூபிக்கப்பட வேண்டும். 2014-ல் பி.ஜெயராஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொன்னது. அப்பாவி ஒருவரைப் பழிவாங்க யாராவது பணத்தை வைத்துவிட்டால் என்னாவது என்று யோசித்தால், இது நியாயம்தான்.

ஆனால், கேட்டதைச் சொல்ல வேண்டியது யார்? புகார் கொடுத்தவர். வழக்கு வருடக்கணக்கில் இழுக்கும். அதற்குள் உள்ளூரில் சமாதானம் பேச ஆள் வருவார்கள். உறவு வழியாகத் தூது வரும், மிரட்டலும் வரலாம். கடைசியில் அவர் கோர்ட் கூண்டில் ஏறி, 'அப்படி எதுவும் கேட்கலைங்க' என்று சொல்லிவிடுவார். பிறழ் சாட்சி!

இப்படிச் சாட்சி மாறினால் கேஸ் அவ்வளவுதானா என்ற குழப்பம் பல வருடம் இருந்தது. 2022 டிசம்பர் 15-ம் தேதி, நீரஜ் தத்தா வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு பதில் சொன்னது. புகார்தாரர் பிறழ் சாட்சியாக மாறினாலும், இறந்தே போனாலும், மற்ற சாட்சிகளையும் சூழ்நிலை ஆதாரங்களையும் வைத்து 'கேட்டார், வாங்கினார்' என்று நிரூபிக்க முடியும். கூட வந்த அந்த வேற்றுத் துறைச் சாட்சி எவ்வளவு முக்கியம் என்பது இப்போது புரிகிறதா?

சட்டத்தில் டைம் டேபிளும் இருக்கிறது. 2018 திருத்தத்தின்படி, ஊழல் வழக்கு விசாரணையை இரண்டு வருடத்துக்குள் முடிக்க முயல வேண்டும். காரணம் எழுதி நீட்டித்தாலும் சாதாரணமாக மொத்தம் நான்கு வருடத்தைத் தாண்டக் கூடாது என்கிறது சட்டம்.

ஸ்விட்ச் இங்கே... ஃப்யூஸ் எங்கே?

நான் எலெக்ட்ரிக்கல் ஸ்டூடன்ட். எனக்கு எதையும் சர்க்யூட்டாகப் பார்த்தால்தான் புரியும். இந்த அமைப்பை வரைந்து பார்த்தேன். ஸ்டார்ட் ஸ்விட்ச், புகார் கொடுக்கிறவர் கையில். நாம் அழுத்தினால்தான் ட்ராப் ஓடும். ஆனால், ஃப்யூஸ் வேறொருவர் கையில் இருக்கிறது. அரசாங்கத்தின் கையில்.

ஊழல் தடுப்புச் சட்டம் 1988-ன் 19-வது பிரிவைப் பாருங்கள். ஒரு அரசு ஊழியர் மீதான வழக்கை கோர்ட் எடுத்துக்கொள்ள, அவரை வேலையிலிருந்து நீக்கும் அதிகாரம் உள்ளவரின் அனுமதி வேண்டும். 2018-ல் சேர்க்கப்பட்ட 17-ஏ பிரிவு அதற்கும் முன்னாடியே நிற்கிறது. ஒரு அதிகாரி பதவியில் எடுத்த முடிவைப் பற்றி விசாரிக்கவே முன் அனுமதி கேட்கிறது. கையும் களவுமாகப் பிடிக்கும் ட்ராப்புக்கு மட்டும் இதிலிருந்து விலக்கு.

யோசித்துப் பாருங்கள். ஆயிரம் ரூபாய் வாங்கியவரைப் பிடிக்க 17-ஏ அனுமதி வேண்டாம். கோடிக்கணக்கான டெண்டரில் தப்பாகக் கையெழுத்துப் போட்டவரை விசாரிக்க அனுமதி வேண்டும். பெரிய ஊழலில் யாரும் நோட்டை எண்ணிக் கையில் கொடுப்பதில்லையே, பவுடரை எங்கே தடவுவது?

'இந்தப் பாதுகாப்பு இல்லையென்றால் நேர்மையான அதிகாரிகள்கூட ஃபைலில் கையெழுத்துப் போடப் பயப்படுவார்கள்' என்பது இன்னொரு பக்க வாதம். அதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. பொய்ப் புகார் என்று ஒன்று உண்டுதான். ஆனால், அனுமதி தருவதும் மறுப்பதும் யாரை விசாரிக்க வேண்டுமோ அவர்களின் மேலிடம் என்றால், அந்த ஃப்யூஸ் எப்போது பிடுங்கப்படும் என்ற பயம் விசாரிக்கிறவருக்கு இருக்கத்தானே செய்யும்?

நம் ஊரிலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. ஜெயலலிதா மீதான சொத்துக் குவிப்பு வழக்கைப் பதிவு செய்தது இதே லஞ்ச ஒழிப்புத் துறைதான். வருடம் 1996. 2001-ல் அவர் திரும்ப முதல்வரானார். அதாவது, வழக்கு நடத்தும் துறை, வழக்கில் சிக்கியவரின் அரசாங்கத்துக்குக் கீழேயே வந்துவிட்டது. ஏற்கெனவே சாட்சி சொன்ன பலர் மறுபடி அழைக்கப்பட்டு மாற்றிச் சொன்னார்கள். 2003-ல் உச்ச நீதிமன்றம் வழக்கையே கர்நாடகத்துக்கு மாற்றியது. 2014-ல் தண்டனை, 2015-ல் உயர் நீதிமன்றத்தில் விடுதலை, 2017 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தில் மறுபடி தண்டனை உறுதி. அப்போது முதல் குற்றவாளி உயிரோடு இல்லை. மற்ற மூவர் சிறைக்குப் போனார்கள். வழக்குப் பதிவான வருடம் பிறந்த குழந்தை, அதற்குள் இன்ஜினீயரிங் கடைசி வருடத்துக்கே வந்திருக்கும்!

இதை ஒரு கட்சிக்கு எதிராக நான் சொல்லவில்லை. எந்தக் கட்சி நாற்காலியில் உட்கார்ந்தாலும் வயரிங் இதேதான்.

தெருவுக்கு வந்த நம்ம செட்

ஃப்யூஸை அரசாங்கம் கையில் கொடுக்காத ஒரு நாடும் இருந்தது. இந்தோனேசியா. நம்மைப் போலவே வளரும் ஜனநாயகம். 2002-ல் சட்டம் போட்டு 'கே.பி.கே.' என்ற ஊழல் ஒழிப்பு ஆணையத்தை உருவாக்கினார்கள். விசாரணையும் அவர்களே, கோர்ட்டில் வழக்கு நடத்துவதும் அவர்களே. நம்ம ட்ராப் மாதிரியே கையும் களவுமாகப் பிடிப்பது அவர்களின் ஸ்பெஷல். அமைச்சர், கவர்னர் என்று யாரையும் விடவில்லை. எலெக்ட்ரானிக் அடையாள அட்டை ஊழலில் நாடாளுமன்ற சபாநாயகர் செத்யா நோவந்தோவுக்கே 2018-ல் 15 வருடம் சிறைத் தண்டனை வாங்கித் தந்தார்கள்.

எம்.பி.க்கள் சும்மா இருப்பார்களா? 2019 செப்டம்பரில் அவசர அவசரமாகச் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆணையத்துக்கு மேலே ஒரு கண்காணிப்பு வாரியம் வந்தது. சுதந்திரமாக இருந்த பணியாளர்கள் அரசு ஊழியர்களாக ஆக்கப்பட்டார்கள். ஃப்யூஸ் கைமாறியது.

அப்போது தெருவுக்கு வந்தது யார் தெரியுமா? காலேஜ் ஸ்டூடன்ட்ஸ்! ஜகார்த்தா, யோக்யகார்த்தா என்று ஊர் ஊராக, அந்தத் திருத்தத்தையும் புதிய தண்டனைச் சட்ட மசோதாவையும் எதிர்த்து ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். கெந்தாரி என்ற ஊரில் நடந்த போராட்டத்தில் இரண்டு மாணவர்கள் உயிரிழந்தார்கள். நம்ம வயசுதான். ஒரு அரசு அலுவலகத்தைக் காப்பாற்ற மாணவர்கள் உயிரைக் கொடுத்திருக்கிறார்கள் என்றால், அந்த அலுவலகம் அவர்களுக்கு எவ்வளவு நம்பிக்கை கொடுத்திருக்க வேண்டும்!

ஆனாலும் திருத்தம் அமலுக்கு வந்தது. 2021-ல் ஒரு தேர்வு வைத்து, அதில் தேறவில்லை என்று 57 பணியாளர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். 2023 நவம்பரில் ஆணையத்தின் தலைவரையே போலீஸ், மிரட்டிப் பணம் வாங்கியதாகச் சொல்லப்பட்ட வழக்கில் சந்தேக நபராக அறிவித்தது. பல வருடம் கட்டியதைச் சாய்க்க ஒரு மாதச் சட்டத் திருத்தமே போதுமாக இருந்தது.

ஆக, ஊழல் தடுப்பு அமைப்பு என்பது ஒரு தடவை கட்டி, ரிப்பன் வெட்டி, மறந்துவிடுகிற பாலம் இல்லை. தினமும் யாராவது வோல்டேஜ் செக் பண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வேலை எங்கே தொடங்குகிறது என்றால், நம் வீட்டு வாசலில்தான். புகாரே வராத ஊரில் எந்தத் துறையும் தூங்கத்தான் செய்யும். அதன் ஃப்யூஸை யார் பிடுங்கினாலும் யாருக்கும் தெரியாது.

லஞ்சம் கேட்டால்...

* பணம் கொடுப்பதற்கு முன்பே புகார் கொடுங்கள். ட்ராப் என்பது அப்போதுதான் சாத்தியம். அரசு அலுவலகங்களில் 'லஞ்சம் கொடுக்காதீர்கள்' என்று ஒரு போர்டு இருக்கும். அதில் லஞ்ச ஒழிப்புத் துறையின் முகவரியும் போன் நம்பரும் இருக்கும். போட்டோ எடுத்து வையுங்கள்.

* யார், எப்போது, எதற்காக, எவ்வளவு கேட்டார்? வீட்டுக்கு வந்ததும் தேதியோடு எழுதி வையுங்கள்.

* புகார் கொடுத்துவிட்டு, போலீசுக்கு உதவத்தான் பணம் கொடுக்கிறீர்கள் என்றால் அது குற்றமே இல்லை. சட்டமே அப்படிச் சொல்கிறது.

* வேறு வழியில்லாமல் கொடுத்துவிட்டீர்களா? கொடுத்த நாளிலிருந்து ஏழு நாளுக்குள் புகார் செய்ய வேண்டும். செய்தால் உங்கள் மீது குற்றமில்லை.

அந்த ஏழு நாள்

கடைசி பாயின்ட்டைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. 2018-ல் திருத்தப்பட்ட சட்டத்தில் லஞ்சம் கொடுப்பதும் தனிக் குற்றம். அதிகபட்சம் ஏழு வருடம் சிறை. கட்டாயத்தால் கொடுத்தவருக்கு விலக்கு உண்டு, ஆனால் ஏழு நாளுக்குள் சொல்லியிருக்க வேண்டும். எங்களுக்கு அந்த ஏழு நாள் எப்போதோ தாண்டிப் போச்சு. அந்த ஏழு நாளும் நான் என்ன செய்தேன்? புது பேக், புது ஷூ வாங்கினேன்.

அதாவது, வாழ்க்கையில் ஒரு ரூபாய் பாக்கி வைக்காத எங்கப்பா, சட்டத்தின் கண்ணில் குற்றம் செய்தவர். யாருக்காக? எனக்காக. என் டிகிரியின் முதல் பக்கத்திலேயே அந்த ஆயிரம் ரூபாய் இருக்கிறது. (இந்தக் கட்டுரையில் என் பெயர் ஏன் இல்லை என்று இப்போது புரிந்திருக்கும்.)

போன வாரம் ஊருக்குப் போனபோது, இதை எழுதலாமா என்று அப்பாவிடமே கேட்டேன். ட்ராப், பவுடர், ரோஸ் கலர் எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தவர், கடைசியில் ஒரே ஒரு டவுட் கேட்டார்.

"ஏம்ப்பா, அந்தப் பவுடர் கொடுக்கறவன் கையிலயும்தானே ஒட்டும்? தண்ணியில விட்டா அவன் கையும் சிவக்கும்ல?"

மூணு வருஷம் இன்ஜினீயரிங் படிச்ச எனக்கு அது தோணவே இல்லை.

"சிவக்கும்ப்பா. ஆனா முன்னாடியே சொல்லிட்டா, அந்தக் கைக்கு சாட்சின்னு பேரு."

அப்பா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்து, தோளில் கிடந்த துண்டில் கையைத் துடைத்துக்கொண்டார். பட்டா மாத்தற வேலை அடுத்த மாசம் இருக்கிறது என்றார். பிறகு கேட்டார்.

"அந்த போர்டுல இருக்கற நம்பரு உன் போன்ல இருக்கா?"